லே வரை போன ஹைட்ரஜன் பஸ் தி.நகருக்கு வராதது ஏன்? ஃப்யூயல் செல் கணக்கு இதுதான்!

கிண்டியைத் தலைமையகமாகக் கொண்ட அசோக் லேலண்ட், என்டிபிசி நிறுவனத்துக்காகத் தயாரித்த ஹைட்ரஜன் பஸ் 2023 ஆகஸ்டில் லடாக்கின் லே நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 11,000 அடிக்கும் மேலே இருக்கும் ஊர் அது. 2024 நவம்பரில் அங்கே 5 பஸ்களுடன் இந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியிலும், ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில், மத்திய அரசின் ஏஆர்சிஐ அமைப்பு ஃப்யூயல் செல்லுக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறது. ஆனால், தி.நகரில் நின்று பார்த்தால் டீசல் பஸ் வரும், மின்சார பஸ் வரும். ஹைட்ரஜன் பஸ் மட்டும் வராது.

ஃப்யூயல் செல் எப்படி வேலை செய்கிறது?

இதில் எதுவும் எரிவதில்லை. ஹைட்ரஜன் ஒரு பக்கம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மறுபக்கம், நடுவில் மெல்லிய சவ்வு. பிளாட்டினம் பூச்சில் படும் ஹைட்ரஜன் புரோட்டான், எலக்ட்ரான் எனப் பிரியும். புரோட்டானுக்குச் சவ்வு வழிவிடும்; எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றித்தான் போகணும். அந்த ஓட்டம்தான் மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம். புகைக்குழாயில் வருவது நீராவி மட்டுமே.

2023 பிப்ரவரியில் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் அறிமுகப்படுத்திய ஹைட்ரஜன் லாரியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஹைட்ரஜன் இன்ஜினுக்குள் எரிகிறது. பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

சென்னைக்கு ஏன் வரவில்லை?

கணக்குதான் இடிக்கிறது. தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை அழுத்தி நிரப்பத் தனிச் செலவு. இவ்வளவும் செய்தபின் ஃப்யூயல் செல் திருப்பித் தருவது ஏறக்குறைய 16 யூனிட், அதாவது மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே 50 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்கே போய்விடும்.

மயிலாப்பூர் வழியாக பெசன்ட் நகர் போகும் 29சி மாதிரியான பஸ், இரவானால் டெப்போவுக்குத் திரும்பிவிடும். அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். 2025 ஜூனில் வியாசர்பாடியில் இருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்சார பஸ்களை இறக்கியதில் ஆச்சரியமில்லை.

அப்போ யாருக்கு இது?

நெடுந்தூர லாரிகளுக்கு. பேட்டரி பெரிதாகப் பெரிதாக அதன் எடையும் கூடும். அந்த அளவு சரக்கு குறையும், வாடகையும் குறையும். சார்ஜ் ஏறக் காத்திருக்கும் நேரமும் ஓட்டுநருக்கு நஷ்டம்தான். ஹைட்ரஜனை நிமிடக் கணக்கில் நிரப்பிவிடலாம். ஆனால், இன்று இந்தியாவில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் இருந்தே எடுக்கப்படுகிறது. வண்டியில் புகை இல்லை என்றாலும் ஆலையில் கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது.

2025 மார்ச்சில் மத்திய அரசு 37 ஹைட்ரஜன் பஸ், லாரிகளுக்குச் சோதனை அனுமதி கொடுத்தது. இதில் ஃப்யூயல் செல் வண்டிகள் 15. மற்ற 22 இன்ஜின் வகை. புவனேஸ்வர் - கோனார்க் - பூரி, திருவனந்தபுரம் - கொச்சி என 10 வழித்தடங்கள். திட்டத்தில் அசோக் லேலண்டின் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலை ஒன்றுகூட இல்லை.