தொலைபேசிக் கம்பியும் பழைய கணிப்பொறியும்

புதிய கருவி ஒன்று தோன்றியவுடன் பழைய கருவியைக் கைவிடுதல் மக்கள் இயல்பு. ஆயினும், கருவிகளின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்குப் பழையதன்மேல் காலூன்றியே புதியது வளர்ந்தமை புலனாகும். 1990 களில் இணையம் இல்லந்தோறும் புகுந்த வரலாறு அத்தகையது. குரலைக் கொண்டு செல்வதற்கென இட்ட தொலைபேசிக் கம்பியும், கணக்கெழுதவும் கடிதம் தட்டவும் வாங்கிய பழைய கணிப்பொறியும் அன்று ஒன்று சேர்ந்தன. அவ்விரண்டையும் சேர்த்து வைத்த சிறு பெட்டிக்கு மோடம் என்பது பெயர். அஃது எவ்வாறு பிறந்தது, பழைய பொறியோடு எவ்வாறு பொருந்தியது, தமிழுக்கு அதனால் விளைந்த பயன் யாது என்பன ஆராயத்தக்கன.

ஒலியாக மாறிய எழுத்து

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்கென அமைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 வரை அதிரும் ஒலிகளையே அது செவ்வனே கடத்தும். கணிப்பொறியோ குரலற்றது. சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளால் அது தன் கருத்தைக் கூறும். அக்குறிகளை ஒலியாக்கி அனுப்புவதும், வந்த ஒலியை மீண்டும் குறியாக்குவதுமே மோடத்தின் தொழில்.

1950 களின் பிற்பகுதியில் அமெரிக்க வான்காப்புப் படையின் ‘சேஜ்’ என்னும் கணிப்பொறி அமைப்பு இத்தகைய கருவிகளைக் கையாண்டது. 1960 களின் தொடக்கத்தில் ‘பெல் 103’ என்னும் மோடம் வணிகத்துக்கு வந்தது. அழைப்பவர் பக்கம் நொடிக்கு 1070, 1270 அதிர்வுடைய ஒலிகளையும், விடை கூறுபவர் பக்கம் 2025, 2225 அதிர்வுடைய ஒலிகளையும் அது பயன்படுத்தியது. இருவர் ஒலியும் வேறு வேறாக இருந்தமையால், இரு பக்கத்தாரும் ஒரே வேளையில் ஒரே கம்பியில் உரையாட முடிந்தது. அதன் வேகம் நொடிக்கு 300 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்துப் பத்து பிட் வேண்டும். ஆகவே நொடிக்கு முப்பது எழுத்துகளே சென்றன.

கம்பி யாருடையது?

அந்நாளில் அமெரிக்கத் தொலைபேசி உலகில் ஏ.டி.அண்டு.டி. நிறுவனமே தனியாட்சி செலுத்தியது. பிறர் செய்த கருவி எதனையும் தன் கம்பியோடு இணைக்கலாகாது என்பது அந்நிறுவனத்தின் விதி. அவ்விதியை மீறாமலே அதனைக் கடந்தவர் ஒருவர் உண்டு. அவர் இராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் இயற்பியல் அறிஞர், செவிப்புலன் அற்றவர். தொலைபேசியின் கைப்பிடியை ஒரு பெட்டியின்மேல் வைத்தால், கம்பியைத் தொடாமல் ஒலியின் வழியாகவே செய்தி செல்லும் என்று அவர் கண்டார். 1964 இல் அவரும், காது கேளாத பல் மருத்துவர் ஜேம்சு மார்ஸ்டர்ஸும், கலிபோர்னியாவின் இரு நகரங்களிலிருந்து தட்டெழுத்துப் பொறி வாயிலாகத் தொலைபேசியில் உரையாடினர். கேட்கும் செவி படைத்தோர்க்கென அமைந்த கருவியைச் செவியற்றோர் தமக்கும் உரியதாக்கிக்கொண்ட நிகழ்ச்சி அது.

1968 ஆம் ஆண்டில் ‘கார்ட்டர்ஃபோன்’ வழக்கில் அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையம் ஒரு தீர்ப்பு அளித்தது. டெக்சாசைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் வானொலிப் பேசியைத் தொலைபேசியோடு சேர்க்கும் கருவி ஒன்றைச் செய்து விற்றார். தொலைபேசி அமைப்புக்குக் கேடு விளைவிக்காத கருவியைத் தடுத்தல் முறையன்று என்பது தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பு திறந்த வாயில் வழியாகவே பின்னாளில் மோடங்கள் வீடு புகுந்தன.

பெட்டிக்கு இட்ட கட்டளை

1981 இல் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகிய இருவரும் ‘ஸ்மார்ட்மோடம்’ என்னும் கருவியை வெளியிட்டனர். அதன் வேகமும் 300 பிட்டே. ஆயினும் அது செய்த மாறுதல் பெரிது. அதற்குமுன் பல மோடங்களில் எண்ணைக் கையால் சுழற்ற வேண்டும். அல்லது இன்ன கணிப்பொறிக்கு இன்ன மோடம் என்று தனித்தனியே வாங்க வேண்டும். ஸ்மார்ட்மோடமோ கணிப்பொறிக்கு வெளியே நின்று, தொடர் துறை எனப்படும் பொதுவான இணைப்பின் வழியாக எழுத்துகளாலேயே கட்டளை பெற்றது. ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் அது செவி சாய்க்கும். அடுத்து டி, டி என்று தட்டினால் அழுத்தும் பொத்தானின் ஓசையாலும், டி, பி என்று தட்டினால் பழைய சுழல்வட்டத் துடிப்பாலும் எண்ணை அழைக்கும். எழுத்தை அனுப்பத் தெரிந்த எந்தப் பழைய பொறியும் அதனை ஆள முடிந்தது. பிறரும் அக்கட்டளைகளையே தம் மோடங்களில் பின்பற்றியதால் அது உலகப் பொதுமொழியாயிற்று.

பழைய பொறியை இணைத்த முறை

1990 களில் பழைய கணிப்பொறி வைத்திருந்தவர்க்கு மூன்று நிலைகளில் வழி இருந்தது. மிகப் பழைய பொறியாயின், அது வெறும் திரையாகவே பணி செய்தது. தொலைவில் உள்ள பெரிய யூனிக்ஸ் கணிப்பொறியை மோடத்தால் அழைத்து, அதில் மடலையும், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லிங்க்ஸ்’ என்னும் எழுத்து உலாவியால் வலைப்பக்கங்களையும் படிக்கலாம். படங்கள் இல்லை, ஆனால் உலகச் செய்தி உண்டு.

விண்டோஸ் 3.1 இயங்கிய பொறியாயின், இணையத்தின் பொதுமொழி அதில் இயல்பாக இல்லை. அக்குறையை நீக்கியவர் தாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம். 1994 இல் பரவிய அவருடைய ‘டிரம்பெட் வின்சாக்’ என்னும் மென்பொருள், பழைய பொறிகளைக் கம்பி வழியே இணையத்தில் சேர்த்தது. தொடர் துறை எது, அதன் வேகம் யாது, அழைக்க வேண்டிய எண் யாது, பெயர்களை முகவரியாக்கும் கணிப்பொறி எது என்பவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொடுக்க வேண்டும். ‘சிலிப்’ என்னும் பழைய முறையில் பொறியின் முகவரியையும் பெரும்பாலும் தாமே குறிக்க வேண்டியிருந்தது. பின்வந்த ‘பி.பி.பி.’ முறையில் இரு முனைப் பொறிகளும் தம்முள் பேசி முகவரியை முடிவு செய்துகொண்டன. அம்மென்பொருளைப் பயன்படுத்தியோர் பலர். பணம் செலுத்தியோர் சிலரே. 2011 இல் பழைய பயனர் பலர் அதனை நினைவுகூர்ந்து டாட்டமுக்குப் பணம் அனுப்பினர். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இவ்வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆனால் அது 386 வகைச் செயலியேனும் உடைய பொறியைக் கேட்டது.

விரைவான மோடத்தை வாங்கி இணைத்தும் செய்தி சிதைவது பழைய பொறிகளில் காணப்பட்ட குறையாகும். காரணம் மோடத்தில் இல்லை. முதல் ஐ.பி.எம். தனிக்கணிப்பொறிகளின் தொடர் துறையில் இருந்த 8250 என்னும் சில்லு, வந்த எழுத்தில் ஒன்றை மட்டுமே ஏந்தி நின்றது. செயலி அதனை எடுக்குமுன் அடுத்த எழுத்து வந்தால் முன்னது அழிந்தது. 16550 வகைச் சில்லு பதினாறு எழுத்துகளைத் தேக்கிவைத்தது. ஆகவே புதிய துறை அட்டையைப் பொருத்துவது, அல்லது துறையின் வேகத்தைக் குறைப்பது, இவ்விரண்டே அதற்குரிய மருந்தாயின.

மலேசியாவும் சிங்கப்பூரும்

மலேசியாவில் மைமோஸ் நிறுவனம் 1992 இல் ‘ஜாரிங்’ சேவையைத் தொடங்கியது. 1996 இல் ‘டி.எம்.நெட்’ வந்தது. முன்னதற்கு 1511, பின்னதற்கு 1515 என்னும் எண்களை மோடங்கள் அழைத்தன. சிங்கப்பூரில் 1994 இல் ‘சிங்நெட்’ பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. மோடம் கூவிக் கீச்சிட்டு இரைந்து அடங்கும் ஓசை இல்லங்களில் பழகிய ஓசையாயிற்று. இணைப்பு நீடிக்கும்வரை வீட்டுத் தொலைபேசி பிறர்க்குக் கிட்டாது. ஆகவே மடலை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்து, ஆற அமரப் படிப்பதே சிக்கனமுடையோர் வழக்கமாயிற்று.

தமிழ் சென்ற வழி

அன்றைய மின்மடல் வழிகள் பல ஏழு பிட் கொண்ட ஆங்கிலக் குறிகளையே பிழையின்றிக் கடத்தின. அதில் உள்ள இடம் 128 மட்டுமே. எனவே தமிழர் பலர் தமிழைத் தமிழெழுத்தில் எழுத இயலாது உரோமன் எழுத்தில் எழுதினர். எட்டு பிட் எழுத்துருக்கள் தோன்றியபின்னும் ஒவ்வொருவர் அமைப்பும் வேறாக இருந்தமையால், ஒருவர் எழுதிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. கம்பி இணைந்தும் மொழி இணையவில்லை.

இந்நிலையை மாற்ற முன்வந்தோருள் இவ்வட்டாரத்தார் குறிப்பிடத்தக்கவர். சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1995 இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் வலையேற்றிய முயற்சியில் தமிழுக்கு இடம் தேடித் தந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை ஆக்கினார். 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991 இலேயே இடம் இருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 க்கு முற்பட்ட விண்டோஸ் பொறிகள் அதனைச் செவ்வனே காட்ட இயலாதன. பழைய பொறி வைத்திருந்தவரைக் கைவிடலாகாது என்னும் நோக்கத்திற்கு ‘தகுதரம்’ எனப்பட்ட எட்டு பிட் முறையே அன்று பொருந்தியது.

1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ இதன் கனி. பல நாடுகளில் வாழ்ந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி மின்மடலால் பகிர்ந்தனர். ஒரு குறளுக்கு அறுபது குறிகள் எனக் கொண்டால், 1330 குறளுக்கு 79,800 குறிகள் ஆகும். 300 பிட் மோடத்தில் அவை செல்ல முக்கால் மணி நேரம் வேண்டும். 1994 இல் வந்த 28,800 பிட் மோடத்தில் அரை நிமிடம் போதும். வள்ளுவர் நூல் அரை நிமிடத்தில் கடல் கடக்கும் காலம் வந்தது.

வரலாறு காட்டும் உண்மை

1998 இல் வகுத்த 56,000 பிட் தரமே இம்முறையின் உச்சியாயிற்று. பின்னர் அகலப்பட்டை இணைப்பு அதன் இடத்தைக் கொண்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 இல் தன் தொலைபேசி இணைப்புச் சேவையை நிறுத்தியது.

கருவி மறைந்தாலும் அதன் பாடம் மறையாது. கம்பியில் பிறர் கருவிக்கும் உரிமை உண்டு என்ற தீர்ப்பும், எல்லாப் பொறிக்கும் பொதுவான கட்டளையும், எவரும் கற்றுக் கையாளத்தக்க விதிகளும் இருந்தமையாலேயே எளியவர் வீட்டுப் பழைய பொறியும் உலகோடு பேசிற்று. தமிழுக்கும் ஒரு பொது விதி தேவைப்பட்டது. அது அமையும்வரை கம்பி இருந்தும் தமிழர் ஊமையராகவே இருந்தனர். பொருள்வளம் உடையார்க்கு மட்டும் அறிவு வாயில் திறக்கும் நிலை வாராதிருக்க வேண்டுமாயின், விதிகள் பொதுவாயிருத்தல் வேண்டும்.