மாமியார் போட்ட முதல்

மாமியார் என்றாலே நம்ம சினிமாவில் வில்லிதான். ஆனால், மெட்ராஸ் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாமியார் இருந்தார். மருமகள் படிப்பைக் கெடுக்காத மாமியார். அதைவிட ஆச்சரியம், இந்தக் கதை நடந்தது 150 வருஷங்களுக்கு முன்னால்!

பெயர் அன்னா சத்தியநாதன். 1832-ல் பிறந்தவர். வளர்ந்தது திருநெல்வேலிச் சீமை. அப்பா ஜான் தேவசகாயம், தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையின் குருவாக உயர்ந்த முதல் இந்தியர். மகளுக்கும் படிப்பு வேண்டும் என்று நினைத்த மனுஷர். மாப்பிள்ளையாக வந்தவர், மிஷன் பள்ளியில் படித்துக் கிறிஸ்தவரான டபிள்யூ.டி. சத்தியநாதன்.

1863-ல் இந்தத் தம்பதி மெட்ராஸ் வந்தார்கள். கணவருக்கு சிந்தாதிரிப்பேட்டை சீயோன் தேவாலயத்தில் போதகர் வேலை. மனைவி? பெண் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

சும்மா நடந்துவிடவில்லை. பொம்பளை படித்தால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்று சீரியஸாக நம்பிய காலம் அது. கூடவே இன்னொரு பயம்... போதகர் வீட்டுப் பள்ளிக்கு அனுப்பினால், பிள்ளையை மதம் மாற்றிவிட்டால்? அது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த நோக்கத்தை மிஷன்காரர்கள் மறைத்ததும் இல்லை. இத்தனைக்கும் நடுவில்தான் பெண்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார்கள். பத்து, பன்னிரண்டு வயசில் கல்யாணமாகி வீட்டோடு முடங்கிய பெண்களைத் தேடி அவர்கள் வீட்டுக்கே போனார் அன்னா. குழந்தை வளர்ப்பு பற்றித் தமிழில் ‘நல்ல தாய்’ என்று புத்தகமும் எழுதினார்.

1878-ல் கணவரோடு கப்பலேறி இங்கிலாந்தையும் பார்த்துவிட்டு வந்தார். கடல் தாண்டினாலே ஜாதியை விட்டுத் தள்ளிவைத்த காலத்தில், ஒரு தமிழ்நாட்டு அம்மாள் லண்டன் போய்த் திரும்பியது சாதாரண விஷயமா?

இதே 1870களின் கடைசியில் அந்த வீட்டுக்குத் தங்க வந்தாள் ஒரு மராத்திப் பெண், கிருபாபாய். அகமத்நகரைச் சேர்ந்தவள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிக்க வந்தவளுக்கு, சீக்கிரமே உடம்பு படுத்த, டாக்டர் கனவு பாதியிலேயே முடிந்தது. ஆனால், அந்த வீட்டோடு உறவு முடியவில்லை. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய மகன் சாமுவேலைக் கல்யாணம் செய்துகொண்டார். ‘சகுணா’, ‘கமலா’ என்று ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் என்று இன்றும் பேசப்படுகிறார். 1894-ல் இறந்தபோது வயசு 32தான்.

அன்னா 1890-லேயே போய்ச் சேர்ந்திருந்தார். 1898-ல் சாமுவேலுக்கு இரண்டாம் மனைவியாக வந்த கமலாவுக்கு, மாமியாரோடு ஒருநாள்கூட வாழக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால், அந்த வீட்டின் பழக்கம் விடுமா? தென்னிந்தியாவில் எம்.ஏ. பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர் ஆனார் கமலா. 1901-ல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஆண்கள் திரைக்குப் பின்னால் அடைந்து கிடக்க, பெண்கள் நாட்டை ஆளும் வங்காளத்து ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905-ல் முதலில் அச்சேறியது இதில்தான்.

அடுத்த வருஷமே இடி. ஜப்பான் போன சாமுவேல் அங்கேயே இறந்துபோனார். கையில் சின்னக் குழந்தைகள். கமலா மூலையில் உட்காரவில்லை. பிட்டாபுரம் ராணிக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதித்தார். 1919-ல் பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து கிளம்பினார். துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல்!

1927-ல், நின்றுபோயிருந்த பத்திரிகைக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர் மகள் பத்மினி. பின்னாளில் அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவரும் அவரே.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், இது கூட்டு வட்டிக் கணக்கு. ஜான் தேவசகாயம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துதான் முதல். அது மருமகளிடம் நாவலானது, இன்னொரு மருமகளிடம் பத்திரிகையானது, பேத்தியிடம் வரலாறானது.

மருமகள்களின் பெயர்கள் இன்று இலக்கிய ஆய்வுகளில் அடிபடுகின்றன. மாமியார் பெயரை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நம்ம வீடுகளிலும் இப்படி ஒரு பாட்டி இருந்திருப்பார். பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்திருப்போம். அவர் யாரையெல்லாம் படிக்க வைத்தார் என்பதை எங்காவது எழுதி வைத்திருக்கிறோமா?