ஒரு ஆஸ்பத்திரிக்காகக் கவுன்சிலையே பிடித்த ஊர்

1/
குப்பை அள்ளுறதுக்கும் கேஷுவாலிட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா இங்கிலாந்தில் ஒரு ஊர் மக்கள், குப்பை அள்ளும் கவுன்சிலுக்கான தேர்தலில், மூடப்போகும் ஆஸ்பத்திரிக்காக ஓட்டுப் போட்டார்கள். மூன்றே வருஷத்தில் அந்தக் கவுன்சில் அவர்கள் கைக்கு வந்தது. நடுவில் ஒரு ரிட்டயர்டு டாக்டரை எம்.பி.யாகவும் ஆக்கினார்கள்.

நைட் டியூட்டி முடிஞ்சு எழுதுறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
இடத்தின் பெயர் வயர் ஃபாரஸ்ட். இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் கவுண்டியில் இருக்கும் ஒரு டிஸ்ட்ரிக்ட். கிடர்மின்ஸ்டர், ஸ்டூர்போர்ட், பியூட்லி என்று மூன்று ஊர்கள். மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 1 லட்சம்.

இதில் பெரிய ஊர் கிடர்மின்ஸ்டர். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே கார்ப்பெட்தான் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் ஆலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

3/
'டிஸ்ட்ரிக்ட்' என்றதும் நம்ம ஊர் மாவட்டம், கலெக்டர் என்று நினைச்சுக்காதீங்க. அங்கே அது சின்ன அமைப்பு. நம்ம நகராட்சி மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

குப்பை, பூங்கா, கட்டட அனுமதி, வீட்டுவசதி, உள்ளூர் வரி வசூல் இதெல்லாம் அதன் வேலை. பள்ளிக்கூடம், பெரிய சாலைகள் எல்லாம் மேலே உள்ள கவுண்டி கவுன்சிலிடம்.

ஆஸ்பத்திரி? அது இரண்டு பேரிடமுமே இல்லை. அது என்ஹெச்எஸ். முடிவெடுப்பது சுகாதார அதிகார அமைப்பும் லண்டனில் இருக்கும் அமைச்சரும். இதை மனசில் வெச்சுக்கோங்க. கதையே இதில்தான் இருக்கு.

4/
வயர் ஃபாரஸ்ட் கவுன்சில் 1974இல் செயல்பாட்டுக்கு வந்தது. முதல் தேர்தல் அதற்கு முந்தைய வருஷம், 1973இல்.

அப்போதைய தேர்தல் முறை கொஞ்சம் விசித்திரமானது. 42 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு ஒரு வருஷம், அடுத்த பங்குக்கு அடுத்த வருஷம். நாலாவது வருஷம் கவுண்டி தேர்தல் நடந்தது, அதனால் இதற்கு ஓய்வு.

அதாவது ஊருக்குக் கோபம் வந்தால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் டெம்பரேச்சர் சார்ட் மாதிரி ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

5/
இப்போ ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

1990களின் கடைசி. வூஸ்டர்ஷயரில் மூன்று ஊர்களில் பொது மருத்துவமனைகள்: வூஸ்டர், ரெடிச், கிடர்மின்ஸ்டர். சுகாதார அமைப்பிடம் பணம் இல்லை. மூன்று இடத்திலும் முழு சேவை கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்தார்கள்.

வூஸ்டரில் புதிதாக ஒரு பெரிய மருத்துவமனை. அதைத் தனியார் கூட்டமைப்பு கட்டும், அரசுத் தரப்பு வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டே இருக்கும். பிஎஃப்ஐ என்று சொல்வார்கள். அந்தச் செலவை ஈடுகட்டத்தான் கிடர்மின்ஸ்டரைப் பலி கொடுக்கிறார்கள் என்பது ஊர்க்காரர்களின் குற்றச்சாட்டு.

6/
ஊர்வலம், மனு, கூட்டம் எல்லாம் நடந்தது. எதுவும் எடுபடவில்லை. 2000 செப்டம்பரில் கிடர்மின்ஸ்டர் அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டது. மிச்சம் இருந்தது சின்னக் காயங்களுக்கு மருந்து போடும் பிரிவு.

கை உடைஞ்சா இங்கே வரலாம். நெஞ்சு அடைச்சா வூஸ்டர் போகணும். சுமார் 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர்.

மேப்பில் பார்த்தால் அரை விரல் நீளம்தான். ஆம்புலன்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

7/
இந்தப் போராட்டக் குழுவின் தலைவர் டாக்டர் ரிச்சர்ட் டெய்லர். அதே ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1995 வரை கன்சல்டன்ட் மருத்துவராக இருந்தவர். மூட்டு நோய்களில் நிபுணர். அரசியல்வாதியே கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் யாரோ ஒரு டாக்டர் இல்லை, 'எங்க டாக்டர்'.

மனுக்கள் குப்பைத் தொட்டிக்குப் போனதும் குழு ஒரு முடிவெடுத்தது. நாமே தேர்தலில் நிற்போம்.

8/
கட்சியின் பெயரே நீளம்: 'இண்டிபெண்டன்ட் கிடர்மின்ஸ்டர் ஹாஸ்பிட்டல் அண்ட் ஹெல்த் கன்சர்ன்'. சுருக்கமாக ஹெல்த் கன்சர்ன்.

1999 கவுன்சில் தேர்தலில் முதல் முறையாக உள்ளே வந்தார்கள். 2000இல் கவுன்சிலின் பெரிய குழுவே அவர்கள்தான். தொழிலாளர் கட்சி, கன்சர்வேடிவ் என்று மாறி மாறிப் பார்த்த ஊரில், ஒரு ஆஸ்பத்திரிக்காகப் பிறந்த கட்சி முதலிடம்.

"கவுன்சிலுக்கு ஆஸ்பத்திரி மேல அதிகாரமே இல்லையே, அங்க போய் என்ன செய்வீங்க?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா ஆஸ்பத்திரியை மூட முடிவெடுத்த சுகாதார அமைப்புக்குத் தேர்தலே கிடையாது. மக்கள் கைக்கு எட்டிய ஓட்டுப்பெட்டி இது ஒன்றுதான்.

9/
அடுத்தது 2001 ஜூன், நாடாளுமன்றத் தேர்தல். வயர் ஃபாரஸ்ட் தொகுதி எம்.பி. டேவிட் லாக், ஆளும் தொழிலாளர் கட்சி, இளநிலை அமைச்சரும்கூட. நாடு முழுக்க அந்தக் கட்சிக்கு அமோக வெற்றி கிடைத்த தேர்தல் அது.

இங்கே மட்டும் கணக்கு வேற. லிபரல் டெமாக்ரட் கட்சி டெய்லருக்காக வேட்பாளரையே நிறுத்தவில்லை.

டெய்லர்: 28,487 ஓட்டு.
லாக்: 10,857.
வித்தியாசம் 17,630. பதிவான ஓட்டில் 58% டெய்லருக்கு.

66 வயதில், பணி ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, ஒரு மருத்துவர் பதவியில் இருந்த அமைச்சரைத் தோற்கடித்தார்.

10/
2002 மே. மறுபடி கவுன்சில் தேர்தல். இந்த முறை வயர் ஃபாரஸ்ட் கவுன்சிலே ஹெல்த் கன்சர்ன் கட்டுப்பாட்டுக்கு வந்தது.

எம்.பி. நம்மாள். கவுன்சில் நம்ம கையில். அப்புறம் என்ன, கேஷுவாலிட்டி திரும்ப வந்துடுச்சான்னு கேட்டா...

வரலை. கடைசி வரை வரலை.

11/
ஒரு எம்.பி.யால் அரசை அசைக்க முடியாது. கவுன்சிலுக்கோ அதிகாரமே இல்லை. பின்னாளில் அங்கே திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்கு ஒரு சிகிச்சை மையம் வந்தது. அவசரப் பிரிவு மட்டும் வரவே இல்லை.

இன்னொரு பக்கம், ஆஸ்பத்திரிக்காக ஜெயித்த கவுன்சிலர்கள் குப்பை வண்டிக்கும் கார் பார்க்கிங் கட்டணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதாச்சு. போராட்டம் நடத்துவது ஒரு வேலை, பட்ஜெட் போடுவது வேற வேலை. பெரும்பான்மை நீடிக்கவில்லை. அடுத்து வந்த தேர்தல்களில் இடங்கள் கரைந்தன, கன்சர்வேடிவ் கட்சி எழுந்தது. பிறகு ஹெல்த் கன்சர்ன் தன் பெயரிலேயே 'கம்யூனிட்டி' என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு கோரிக்கையை வைத்துக் காலம் தள்ள முடியாது என்று புரிந்திருக்கும்.

12/
டெய்லர் 2005இல் மறுபடி ஜெயித்தார். ஆனா வித்தியாசம் 5,250ஆகச் சுருங்கியது. 2010இல் லிபரல் டெமாக்ரட்டும் வேட்பாளரை நிறுத்தியது. டெய்லர் 2,643 ஓட்டில் கன்சர்வேடிவிடம் தோற்றார்.

கவுன்சிலில் கதை இன்னும் கொஞ்சம் ஓடியது. 2015இல் இடங்கள் 42இலிருந்து 33ஆகக் குறைந்தன. 2019இல் கன்சர்வேடிவ் பெரும்பான்மை இழந்ததும், மற்ற கட்சிகளைச் சேர்த்து ஹெல்த் கன்சர்ன்காரர் ஒருவர் கவுன்சில் தலைவரானார். ஆஸ்பத்திரிப் பிரிவு மூடி 19 வருஷம் கழித்து!

2023இல் நாடு முழுக்கக் கன்சர்வேடிவ் கட்சி 1,000க்கும் மேற்பட்ட கவுன்சிலர் இடங்களை இழந்தது. அந்த மோசமான நாளிலும் அவர்கள் புதிதாகப் பிடித்த வெகு சில கவுன்சில்களில் ஒன்று வயர் ஃபாரஸ்ட். இந்த ஊர் எப்பவும் காற்றுக்கு எதிர்ப்பக்கம்தான்.

13/
அப்போ எல்லாம் வீணா?

இல்லை. கிடர்மின்ஸ்டர் என்ற பெயர் பிரிட்டிஷ் அரசியலில் ஒரு எச்சரிக்கை மணி ஆனது. ஆஸ்பத்திரி மூடும் பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் அந்த ஊர் எம்.பி.க்கு டெய்லரின் 17,630 ஞாபகத்துக்கு வரும். மருத்துவமனை மாற்றங்களில் தகராறு வந்தால் அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல 2003இல் ஒரு சுயேச்சையான குழு அமைக்கப்பட்டது. கிடர்மின்ஸ்டர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிழல் அதில் இல்லை என்றும் சொல்ல முடியாது.

14/
இப்போ ஒரு டாக்டராக நான் சொல்ல வேண்டியது. இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

சேவைகளை ஒரே இடத்தில் குவிப்பது எப்பவும் தப்பில்லை. லண்டனில் 2010இல் பக்கவாத அவசர சிகிச்சையை 8 மையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். நோயாளிகள் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஆனா இறப்பு குறைந்தது. 24 மணி நேரமும் ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட், பயிற்சி பெற்ற நர்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததுதான் காரணம்.

நானும் வாரத்தில் பல நாள் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுறவன்தான். எல்லா ஊரிலும் எல்லாம் இருக்க முடியாது.

15/
ஆனா லண்டன் நெருக்கமான மாநகரம். ஆம்புலன்ஸ் சீக்கிரம் போய்ச் சேரும். வூஸ்டர்ஷயர் கிராமச் சாலை. அதோட, எல்லா நோயும் பக்கவாதம் இல்லை. மூச்சுத்திணறும் குழந்தைக்கும், ராத்திரி விழுந்துட்ட பாட்டிக்கும் முதலில் வேண்டியது பக்கத்தில் ஒரு டாக்டர்.

அதைவிடப் பெரிய தப்பு வேறொன்று. "உங்க நல்லதுக்குத்தான்" என்று மேலேயிருந்து சொன்னார்களே தவிர, ஊர்க்காரர்களின் கேள்விகளை ஒரு தடையாகத்தான் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒவ்வொரு நோயாளியிடமும் விளக்கிச் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்குறோம். 1 லட்சம் பேரின் கேஷுவாலிட்டியை எடுக்கும்போது அந்தச் சம்மதம் தேவையில்லையா?

16/
நம்மகிட்ட விளக்கம் கேட்கும் அட்டெண்டரைப் பார்த்து "நான் டாக்டரா, நீ டாக்டரா" என்று ஒரு தடவையாவது கேட்டவங்க நம்மில் உண்டு. நானும் கேட்டிருக்கேன். வயர் ஃபாரஸ்ட் தேர்தல் முடிவுகளைப் படித்தபோது அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

பதில் கிடைக்காத கேள்வி எங்கேயும் போயிடாது. மனுவாக வரும், ஊர்வலமாக வரும். அங்கேயும் கதவைச் சாத்தினால் ஓட்டாக வரும். குப்பை அள்ளும் கவுன்சிலின் ஓட்டுப்பெட்டிக்குள்ளேயாவது வந்து விழும்.

17/
அடுத்த முறை உங்க ஊர் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு பிரிவை இடம் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்வி கேளுங்க. சண்டையா இல்லை, கேள்வியா.

புது இடத்தில் எந்த நோய்க்கு, எவ்வளவு கூடுதல் பலன்?
அங்கே போய்ச் சேர ராத்திரி 2 மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும், வண்டி யார் தருவார்கள்?
பழைய இடத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

பதில் தெளிவாக வந்தால் ஏத்துக்கோங்க. வரலைன்னா திரும்பக் கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது எங்க வேலை.

தூங்கப் போறேன்.

- ஒரு அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்