ஜன்னல் வரியும் ஒரு மணிப்பூவும்

மறைமுக வரி பாடத்தில் கண் சொருகும் காமர்ஸ் நண்பர்களே, இது ஒரு வரி போனதால் வீட்டுக்குள் பூ வந்த கதை.

பூவின் பெயர் கம்பானுலா ஐசோபில்லா. இத்தாலிய மொழியில் கம்பானா என்றால் மணி. இத்தாலியின் வடமேற்கில், லிகூரியக் கடற்கரையில் நோலி முனை என்று செங்குத்தான சுண்ணாம்புப் பாறை ஒன்று இருக்கிறது. இந்தச் செடி தானாக வளர்வது அதையொட்டிய சின்னப் பகுதியில் மட்டும்தான். 1824-ல் ஜுசெப்பே மொரெட்டி என்ற தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பாறை இடுக்கில் வேர் பிடித்து, தண்டுகள் கீழே வழிந்து தொங்கும். கோடையின் பிற்பாதியில் நீலமோ வெள்ளையோ நட்சத்திரம் மாதிரி பூக்கும். தொங்கும் தொட்டிக்கென்றே பிறந்த செடி! ஒரே சிக்கல், கடும் உறைபனியைத் தாங்காது.

அதனால் 19-ம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குப் போன இந்தச் செடி குளிர்காலத்தைத் தாண்ட, கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இடம் வேண்டியிருந்தது. பணக்காரர்களிடம் கண்ணாடி வீடு இருந்தது. மற்றவர்களுக்கு?

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. 1696-ல் இங்கிலாந்தில் ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். ஜனங்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். (இன்றும் பழைய வீடுகளில் அந்த அடைப்பைப் பார்க்கலாம்.) 1825-ல் எட்டு ஜன்னலுக்குக் குறைவான வீடுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஏழை தப்பித்தான் என்று தோன்றும். ஆனால் பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த பெரிய கட்டடம் கணக்கில் ஒரே வீடு! உரிமையாளர் வரியை மிச்சம் பிடிக்க ஜன்னலை அடைப்பார், இருட்டில் உட்கார்ந்திருந்தது குடியிருந்தவர்கள். குடிசைக்காரருக்கோ வேறு விதமான அடி. 1746 முதல் கண்ணாடிக்கே எடை பார்த்து உற்பத்தி வரி இருந்தது; விலக்கு பெற்ற வீட்டுக்காரரும் கண்ணாடி விலையில் அதைக் கட்டினார். மறைமுக வரி யார் தலையில் விடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

கண்ணாடி வரி 1845-லும் ஜன்னல் வரி 1851-லும் ஒழிந்தன. மணிப்பூ பரவியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடி மலிவானபின் சாதாரண வீட்டு ஜன்னலும் ஒரு குட்டிக் கண்ணாடி வீடாகிவிட்டது. கிராமத்து வீடுகளின் ஜன்னலோரச் செடியாகவே இது பேர் வாங்கியது.

வளர்ப்பதும் ஏழைக்குத் தோதானதுதான். வாடிய பூவைக் கிள்ள வேண்டும். குளிர்காலத்துக்கு முன் தண்டைக் குறைத்து, தண்ணீரைச் சுருக்கி, பனி படாத இடத்தில் வைக்க வேண்டும். வசந்தத்தில் துளிரை ஒடித்து நட்டால் புதுச் செடி. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினால் போதும், காசே வேண்டாம் :-)

பூக்க நீண்ட பகல் வேண்டும் என்பது இதன் இன்னொரு பிடிவாதம். நார்வேக்காரர்கள் அதையும் ஆராய்ந்து, விளக்கு போட்டுப் பகலை நீட்டி, சீசனுக்கு முன்பே பூக்க வைத்து விற்றார்கள்.