அலெக்சாண்டர் கிரெய்க்ஹெட்: எல்லைப்புறப் போதகரும் அவர் குடும்பமும்

அலெக்சாண்டர் கிரெய்க்ஹெட் (சுமார் 1707 – 1766) வட அமெரிக்காவின் பிரித்தானியக் குடியேற்றங்களில் பணியாற்றிய பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஆவார். பென்சில்வேனியா, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய மூன்று பகுதிகளின் எல்லைப்புறங்களிலும் அவர் ஊழியம் செய்தார். மன்னருக்குக் கீழ்ப்படிதல் நிபந்தனையற்றது அன்று என்ற கருத்துக்காக அவருடைய சொந்தத் திருச்சபையே அவரைக் கண்டித்தது. அவர் இறந்து பத்தாண்டுகளுக்குள் அதே கருத்து அமெரிக்கப் புரட்சியாக வெடித்தது. அக்கருத்து பரவியதில் அவருடைய பிரசங்கங்களுக்கு இருந்த பங்கு அவருடைய குடும்பத்துக்கும் உண்டு.

பின்னணி

பிரெஸ்பிட்டேரியன் சபையில் ஆயர்கள் இல்லை. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகர்களும் மன்றங்களாகக் கூடிச் சபையை நடத்துவர். ஸ்காட்லாந்தில் வேரூன்றிய இச்சபை, அங்கிருந்து வட அயர்லாந்தில் குடியேறியவர்களோடு அந்நாட்டிலும் பரவியது. 1638, 1643 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்து மக்கள் இரண்டு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டனர். திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்துவே, மன்னர் அல்லர் என்பது அவற்றைப் பற்றி நின்றவர்களின் நம்பிக்கை. இவர்கள் உடன்படிக்கையாளர்கள் எனப்பட்டனர். இந்த நம்பிக்கைக்காகப் பலர் உயிரையும் இழந்தனர்.

தந்தை தாமஸ்

அலெக்சாண்டரின் தந்தை தாமஸ் கிரெய்க்ஹெட் அயர்லாந்தில் போதகராக இருந்தவர். 1715ஆம் ஆண்டு வாக்கில் குடும்பத்தோடு கப்பலேறி நியூ இங்கிலாந்து சென்றார். பிறகு டெலவேர், பென்சில்வேனியா பகுதிகளில் பணியாற்றினார். இறுதியில் சஸ்குவஹானா ஆற்றுக்கு மேற்கே, அன்று குடியேற்றத்தின் விளிம்பாக இருந்த பிக் ஸ்பிரிங் என்னும் இடத்தில் போதகரானார். 1739இல், ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூறிவிட்டுப் பிரசங்க மேடையிலேயே அவர் உயிர்நீத்தார் என்று சொல்லப்படுகிறது.

பென்சில்வேனியாவில் ஊழியம்

அலெக்சாண்டர் 1735இல் லங்காஸ்டர் மாவட்டத்தின் மிடில் ஆக்டொராரா சபைக்குப் போதகராக அபிஷேகம் பெற்றார். அக்காலத்தில் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட், டெனன்ட் குடும்பத்தினர் முதலியோர் நடத்திய பேரெழுப்புதல் இயக்கம் குடியேற்றங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. கிரெய்க்ஹெட் அதில் தீவிரமாக ஈடுபட்டார். அழைப்பில்லாமல் பிற போதகர்களின் சபைகளுக்குள் சென்று பிரசங்கித்தார் என்று அவர்மீது புகார்கள் எழுந்தன. எழுப்புதல் பற்றிய கருத்து வேறுபாட்டால் 1741இல் பிரெஸ்பிட்டேரியன் சபை பழைய பக்கம், புதிய பக்கம் என இரண்டாகப் பிரிந்தது. கிரெய்க்ஹெட் புதிய பக்கத்தோடு சென்றார். உடன்படிக்கைகளைப் புதுப்பிக்க அவர்கள் முன்வராததால் அவர்களையும் விட்டு விலகினார்.

1743 நவம்பரில், இரண்டாவது உடன்படிக்கை செய்யப்பட்டுச் சரியாக நூறு ஆண்டுகள் கழிந்த நிலையில், மிடில் ஆக்டொராராவில் அவரும் சபையாரும் அந்த உடன்படிக்கைகளைப் புதுப்பித்து உறுதிமொழி எடுத்தனர். கடவுளுக்கு அளித்த வாக்கை மீறிய மன்னருக்கு மக்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பதே அதன் உட்பொருள். அதே ஆண்டில், அவர் எழுதியதாகக் கருதப்பட்ட, பெயரிடாத சிறுநூல் ஒன்று ஆளுநரின் கவனத்துக்கு வந்தது. ஆளுநர் அதைச் சினாடு என்னும் மேல் மன்றத்தின் முன் வைத்தார். ராஜத் துரோகக் கருத்துகள் அடங்கியது என்று சினாடு அந்நூலைக் கண்டித்துத் தன் விசுவாசத்தை வெளிப்படுத்திக்கொண்டது.

வர்ஜீனியாவும் வட கரோலினாவும்

1749ஆம் ஆண்டு வாக்கில் கிரெய்க்ஹெட் வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்து, கவ்பாஸ்ச்சர் ஆற்றங்கரையில் விண்டி கோவ் சபையை நடத்தினார். அங்கு ஆங்கிலிக்கன் சபையே அரசு சபை. பிற சபைப் போதகர்கள் உரிமம் பெற்றுத்தான் பிரசங்கிக்க வேண்டும். மக்கள் தாம் சேராத அந்தச் சபைக்கும் வரி செலுத்த வேண்டியிருந்தது.

1755 ஜூலையில் பிரித்தானியத் தளபதி பிராடக், பிரெஞ்சுக்காரர்களாலும் அவர்களுடைய பூர்வகுடிக் கூட்டாளிகளாலும் இன்றைய பிட்ஸ்பர்க் அருகே முறியடிக்கப்பட்டார். பாதுகாப்பற்றுப்போன எல்லைப்புறக் குடும்பங்கள் பல தெற்கு நோக்கி இடம்பெயர்ந்தன. கிரெய்க்ஹெட் குடும்பமும் வட கரோலினா சென்றது. 1758இல் ராக்கி ரிவர் சபையின் அழைப்பை அவர் ஏற்றார். அருகிலிருந்த சுகர் கிரீக் சபையையும் கவனித்தார். கேட்டாபா ஆற்றுக்கும் யாட்கின் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் நிலையாகத் தங்கிப் பணியாற்றிய முதல் போதகர் அவரே.

1766 மார்ச்சில் கிரெய்க்ஹெட் இறந்தார். சுகர் கிரீக்கின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பெட்டியைச் சுமந்து வந்த இரண்டு சசாஃப்ராஸ் கழிகளைக் கல்லறையின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டார்கள் என்றும், அவை துளிர்த்து மரங்களாயின என்றும் அவ்வூரில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு.

பிள்ளைகள்

மகள் ரேச்சல் 1766இல் டேவிட் கால்டுவெல் என்ற போதகரை மணந்தார். (தமிழ் ஆய்வாளர் ராபர்ட் கால்டுவெல் வேறொருவர், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்.) டேவிட் இன்றைய கிரீன்ஸ்பரோ அருகே மரக்கட்டைகளால் கட்டிய தம் வீட்டில் ஒரு பள்ளி நடத்தினார். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் போதகர்களும் அங்கு உருவாயினர். பின்னாளில் வட கரோலினாவின் ஆளுநரான ஜான் மோட்லி மோர்ஹெட் அங்கு படித்தவர். மாணவர்களை அறிஞர்களாக்கியவர் டேவிட், அவர்களைப் போதகர்களாக்கியவர் ரேச்சல் என்று அப்பகுதி மக்கள் சொல்வதுண்டு. 1781இல் கில்ஃபோர்டு நீதிமன்றப் போர் நடந்த நாட்களில் பிரித்தானியப் படையினர் அவர்கள் வீட்டைச் சூறையாடி, டேவிட்டின் நூல்களையும் எரித்தனர்.

இன்னொரு மகள் ஆக்னஸ், வாக்ஸா சபையின் போதகர் வில்லியம் ரிச்சர்ட்சனை மணந்தார். ரிச்சர்ட்சன் வளர்த்த உறவுப் பிள்ளையான வில்லியம் ரிச்சர்ட்சன் டேவி, வட கரோலினாப் பல்கலைக்கழகம் அமைய முன்னின்றவர். மகன் தாமஸ் பிரின்ஸ்டனில் படித்துப் போதகராகி, 1785இல் டென்னசியின் நாஷ்வில் அருகே குடியேறினார். அங்கு தம் ஆலயத்திலேயே டேவிட்சன் அகாடமி என்ற பள்ளியை நடத்தினார். தந்தையைப் போலவே அவரும் உபதேசக் கருத்துகளுக்காகச் சபையின் கண்டனத்துக்கு ஆளாகி, பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். வாழ்வின் இறுதியில்தான் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

மதிப்பீடு

கிரெய்க்ஹெட் பணியாற்றிய பகுதியே பின்னர் மெக்லன்பர்க் மாவட்டம் ஆயிற்று. 1775 மே 31 அன்று அம்மாவட்டத்தார், பிரித்தானிய மன்னர் அளித்த அதிகாரங்கள் செல்லாதவை என்று தீர்மானம் இயற்றினர். அப்போது கிரெய்க்ஹெட் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவருடைய பிரசங்கம் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் அங்கு இருந்தன. இதனால் அவரை அப்பகுதிச் சுதந்திர உணர்வின் முன்னோடி என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

இந்தப் பாராட்டுக்கு ஓர் எல்லை உண்டு. சுகர் கிரீக் என்ற பெயர் சுகரீ என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது. பெயர் நிலைத்தது, நிலம் அவர்களிடம் நிலைக்கவில்லை. குடியேறிகள் பெருகிய அதே ஆண்டுகளில், 1759இல் பரவிய பெரியம்மை அண்டை மக்களான கேட்டாபாக்களில் பெரும் பகுதியினரை அழித்தது. ரேச்சல், டேவிட் தம்பதியரின் வீட்டில் அடிமைகளும் இருந்தனர். வாக்கு மீறிய மன்னருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று போதித்த மரபு, அந்த உரிமையை எல்லாருக்கும் உரியதாகக் காணவில்லை. கிரெய்க்ஹெட் குடும்பத்தின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் அவர்களுடைய துணிவையும் இந்தக் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.