டிராமை நிறுத்தியது மழையா, பஸ்ஸா?

நம்ம சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போகிறவர்கள் நிறைய பேர். அங்கே மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ என்று ஏதாவது ஒன்றில் போயிருப்பீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பே சென்னைத் தெருக்களில் மின்சாரத்தில் ஓடிய வண்டி ஒன்று உண்டு. அதுதான் டிராம்!

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய நாள் 1895 மே 7. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். கல்கத்தாவுக்கு அது வந்தது 1902-ல், பம்பாய்க்கு 1907-ல். நம்மை ஆண்டவர்களின் தலைநகரான லண்டனிலேயே 1901-ல்தான் மின்சார டிராம் முறையாக ஓட ஆரம்பித்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்ததோ 1931-ல்தான்.

இவ்வளவு பெருமை இருந்தும் ஒரு பெரிய சிக்கல் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. டிராம் என்றதும் தலைக்கு மேலே கம்பி போவதுதான் நினைவுக்கு வரும். சென்னையில் முதலில் அப்படி இல்லை. தண்டவாளத்தை ஒட்டி சாலையில் நீளமாக ஒரு பிளவு விட்டு, அதற்குக் கீழே ஒரு கால்வாய் போல அமைத்து, அதற்குள் மின்கம்பியைக் கொண்டுபோனார்கள். வண்டியின் அடியிலிருந்து கலப்பை மாதிரி ஒரு கருவி அந்தப் பிளவுக்குள் இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தெருவில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. பார்க்க அழகுதான்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மழை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர். தண்ணீர் வேகமாக வடியாது. அந்தத் தண்ணீர் பிளவு வழியாக உள்ளே இறங்கினால் மின்சாரம் என்ன ஆகும்? பருவமழை இந்த அமைப்பைப் பாழாக்கியது. கடைசியில் இதைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டும் முறைக்கு மாறவேண்டி வந்தது.

அப்படியென்றால் அந்த முறையே மட்டமானதா? இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் மையப் பகுதியில் இதே போன்ற முறையில் 1962 வரை டிராம் ஓடியது. இங்கிலாந்தில் கடலோர ஊரான பிளாக்பூலிலோ 1885-ல் இப்படித் தொடங்கி, கடல் நீரும் மணலும் உள்ளே புகுந்து தொல்லை கொடுத்ததால் 1899-ல் மேல்கம்பிக்கு மாறினார்கள். ஒரு ஊரில் ஒழுங்காக ஓடுவது இன்னொரு ஊரில் ஓடாது. மண்ணையும் மழையையும் பார்த்துத்தான் வண்டி விடவேண்டும்.

மேல்கம்பி வந்தபிறகு சென்னை டிராமுக்கு நல்ல காலம் பிறந்தது. 1921-ல் சுமார் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. சரி, பிறகு ஏன் நின்றது?

டிராமுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. முன்னால் போகும் வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கவேண்டும். தண்டவாளத்தை விட்டு ஒதுங்கிப் போக முடியாது. தனிப்பாதை இல்லாமல் சாலை நடுவே ஓடும் டிராமுக்கு மாட்டு வண்டி, கார், லாரி எல்லாமே இடைஞ்சல். பஸ் அப்படி இல்லை. சுற்றிக்கொண்டு போய்விடும். தண்டவாளமே இல்லாத புதிய பகுதிக்கும் போகும். 1947-க்குப் பிறகு சென்னையில் பஸ் போக்குவரத்தை அரசே நடத்த ஆரம்பித்தது. டிராமோ தனியார் கம்பெனி. தண்டவாளம், கம்பி, வண்டி எல்லாவற்றையும் தன் காசில்தான் பராமரிக்கவேண்டும். 1950 வாக்கில் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. 1953 ஏப்ரல் 12-ல் டிராம் நின்றேபோனது. மழையைச் சமாளித்த டிராமால் வரவுசெலவைச் சமாளிக்க முடியவில்லை!

பிறகு 42 ஆண்டுகள் கழித்து பறக்கும் ரயில் வந்தது. தூண்களுக்கு மேலே ஓடுவதால் சாலை நெரிசல் இதற்கு இல்லை. ஆனால் வேறொரு தாமதம் பிடித்துக்கொண்டது. அது கட்டி முடிப்பதில் வந்த தாமதம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் திறந்தார்கள். மயிலாப்பூருக்கு 1997-ல் வந்தது. வேளச்சேரியை எட்ட 2007 ஆகிவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர்தான். அந்த வேலை 2008-ல் தொடங்கி, நடுவே சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுப்பதில் எழுந்த வழக்கால் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 2009-ல் வேலை தொடங்கிய மெட்ரோவோ 2015-லேயே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓட ஆரம்பித்துவிட்டது!

மழை, நெரிசல், பணம், நிலம் என்று ஒவ்வொரு காலத்திலும் காரணம் வேறு. ஆனால் நஷ்டப்படுவது எப்போதும் ஸ்டேஷனில் காத்து நிற்கிறவர்தான். நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொந்த வண்டி வைத்திருப்பவரும் அதை வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுவார். சொந்த வண்டி இல்லாதவருக்கோ அந்த நம்பிக்கைதான் அன்றைய வேலை, அன்றைய கூலி. முதல் மின்சார டிராமை ஓட்டிய ஊர் என்று பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் ஒன்றை முதலில் தொடங்குவதைவிட, அதை நாள்தோறும் தவறாமல் ஓட்டிக் காட்டுவதுதான் கஷ்டம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?