கான்டெசா (எஞ்சின் வகைகள்)
கான்டெசா என்பது பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் காரைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரித்த, எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்லும் செடான் கார் ஆகும். நீண்ட பானெட்டும் அகன்ற உடலும் அமெரிக்க மசில் கார்களை, அதாவது நடுத்தர உடலில் பெரிய எஞ்சின் பொருத்திய வண்டிகளை, நினைவூட்டினாலும், தொடக்கத்தில் இதற்கு வாய்த்தது அதே நிறுவனத்தின் அம்பாசிடர் காரின் 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின்தான். ஏறத்தாழ 50 குதிரைத்திறனே தந்த அது, மேடேறும்போதும் முந்திச் செல்லும்போதும் இக்கனத்த வண்டிக்குப் போதவில்லை. பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத் தொழில்நுட்பத்தில் வந்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர்களுடன் இக்குறையைப் பெரிதும் போக்கியது. எரிபொருள் செலவைக் கருதியோருக்காக 2 லிட்டர் இசுசு டீசல் எஞ்சினும் சேர்க்கப்பட்டது. மூன்றனுள் காரின் தோற்றத்துக்கு ஈடுகொடுத்தது 1.8 லிட்டர் எஞ்சினே.